படத்தின் பின்பக்கத்தில் பெயர் எழுதுங்கள்

(இடைசெவலில் நடந்த ஆஸ்பத்திரி நண்பர்கள் கூடுகையில், கரிசல் கிராமங்களையும் பழைய ஆலயங்களையும் பல ஆண்டுகளாகப் புகைப்படம் எடுத்து வரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. கூடுகைக்கு வர இயலாத நண்பர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம்.)

 

இந்தக் கூடுகையில் வழக்கமாக மருத்துவர்களும் மிஷனெரிகளும் பேசுவார்கள். இந்த முறை காமிராவைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஒரு வாத்தியாரை அழைத்திருக்கிறீர்கள். கிராமத்தையும் பழைய கோவில்களையும் படமெடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததை எளிமையாகச் சொல்லி, கடைசியில் உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கப்போகிறேன். பணம் கேட்கமாட்டேன், பயப்பட வேண்டாம்.

இந்த ஊர் கற்றுத் தருவது

இடைசெவல் சின்ன ஊர். கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவே பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடுவார்கள். ஆனால் 1923ஆம் ஆண்டு இந்த ஒரே ஊரில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, இன்னொருவர் கி. ராஜநாராயணன். இருவருமே சாகித்திய அகாதமி விருது பெற்றார்கள். கி.ரா. 2021இல் மறைந்தபின் கோவில்பட்டியில் அரசு அவருக்கு நினைவரங்கமும் கட்டியிருக்கிறது.

கி.ரா. கதைகளை எழுதியதோடு நிற்கவில்லை. கரிசல் காட்டு ஜனங்கள் பேசுகிற சொற்களைச் சேர்த்து ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதியையும் 1982இல் வெளியிட்டார். உழவு, மாடு, மழை, சமையல், கோபம், கேலி என எல்லாவற்றுக்கும் இந்த மண்ணில் சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் பேசிய தலைமுறை போய்விட்டால் சொல்லும் போய்விடும். ஆகவே அது இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும் என்று எண்ணினார்.

காதுக்கு அவர் செய்ததைக் கண்ணுக்குச் செய்ய வேண்டும் என்பதுதான் என் சிறிய ஆசை. கமலையில் தண்ணீர் இறைத்ததை இன்று இருபது வயதுப் பிள்ளைகள் பார்த்ததில்லை. பருத்தி எடுக்கப் போகும் பெண்கள் மடியை முடிந்துகொள்ளும் விதம், களத்தில் கம்புக் கதிரைப் பரப்பிவிட்டுக் காற்றுக்குக் காத்திருப்பது, வீட்டுத் திண்ணையில் நாலு பேராக உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவது, அறுப்பு முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போடுவது, இவற்றில் சில போய்விட்டன, சில போய்க்கொண்டிருக்கின்றன. அதே வரிசையில்தான் நம்முடைய பழைய சின்னக் கோவில்களும் நிற்கின்றன.

பிற தேசத்தார் செய்தது

இது நமக்கு மட்டும் வந்த கவலை அல்ல. நூறு வருஷங்களுக்கு முன் இங்கிலாந்து தேசத்தாருக்கும் இதே கவலை வந்தது. அங்கே பல கிராமங்களில் எண்ணூறு, ஆயிரம் வருஷத்துக் கோவில்கள் உண்டு. ஆனால் ஜனங்கள் ஆலை வேலைக்காகப் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். பழைய கோவில்களைப் புதுப்பிக்கிறோம் என்று பல இடங்களில் பழைய பூச்சையும் ஆசனங்களையும் பெயர்த்து எறிந்தார்கள்.

அப்போது சர் பெஞ்சமின் ஸ்டோன் என்பவர் முன்வந்தார். அவர் பர்மிங்ஹாம் நகரத்து வியாபாரி, பாராளுமன்ற உறுப்பினர், புகைப்படப் பிரியர். 1897ஆம் ஆண்டு தேசியப் புகைப்படப் பதிவுச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். நாட்டிலுள்ள ஓய்வுநேரப் புகைப்படக்காரர்கள் தங்கள் தங்கள் வட்டாரத்துக் கோவில்கள், பழைய வீடுகள், கிராமத்துத் திருவிழாக்கள், வழக்கங்கள் எல்லாவற்றையும் படமெடுத்து, எளிதில் மங்காத முறையில் அச்சிட்டு, விவரம் எழுதி அனுப்ப வேண்டும். அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் வைக்கப்படும். அந்தச் சங்கம் 1910இல் கலைந்துவிட்டது. ஆனால் படங்கள் இன்றும் இருக்கின்றன.

பிறகு 1941இல், குண்டுவீச்சில் ஆலயங்களும் பழைய கட்டிடங்களும் நாள்தோறும் இடிந்து விழுந்தபோது, தேசியக் கட்டிடப் பதிவகம் என்று ஒன்றை அவசர அவசரமாக ஏற்படுத்தினார்கள். எஞ்சி நின்றவற்றையாவது படமாக்கி வைக்க வேண்டும் என்ற துடிப்பு அது. சாவகாசமாகச் செய்ய வேண்டிய காரியத்தை ஆபத்து வந்தபின் ஓடி ஓடிச் செய்தார்கள்.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்து, 1858இல் மதுரையைப் படமெடுத்தார். திருமலை நாயக்கர் மஹால் அப்போது சிதிலமாகக் கிடந்தது. பிற்பாடுதான் கவர்னர் நேப்பியர் பிரபு காலத்தில் அதைப் பழுது பார்த்தார்கள். பழுது பார்ப்பதற்கு முன் மஹால் எப்படி இருந்தது என்று இன்று நமக்குக் காட்டுவது டிரைப் எடுத்த படங்களே.

நம்முடைய கோவில்கள்

நெல்லைச் சீமையில் பெயர்பெற்ற ஆலயங்கள் பல உண்டு. பாளையங்கோட்டையில் 1785இல் குளோரிந்தா அம்மையார் கட்டிய கோவில், 1826இல் ரேனியஸ் ஐயர் கட்டிய தூய திரித்துவ ஆலயம், 192 அடி கோபுரத்தோடு நிற்கும் மெஞ்ஞானபுரம் ஆலயம், கால்டுவெல் ஐயர் முப்பது வருஷத்துக்கு மேல் பாடுபட்டு 1880இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட இடையன்குடி ஆலயம், இவையெல்லாம் போஸ்ட் கார்டிலும் காலண்டரிலும் வந்துவிட்டன. இங்கே பக்கத்தில் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா ஆலயமும் அப்படித்தான். அருளானந்தரும் வீரமாமுனிவரும் தங்கி ஊழியம் செய்த ஊர் அது. ஆகஸ்டு 15ஆம் தேதித் திருவிழாவுக்குச் சாதி மத பேதமில்லாமல் ஜனங்கள் கூடுவதை நீங்கள் அறிவீர்கள். இவற்றைப் படமெடுக்க ஆள் உண்டு.

நான் கவலைப்படுவது சின்னக் கோவில்களைப் பற்றி. வடதிருநெல்வேலிக் கரிசல் சீமையில் சுவிசேஷ ஊழியம் கூடாரத்தில் ஆரம்பித்தது. கேம்பிரிட்ஜில் படித்துத் தேறிய ராக்லண்ட் ஐயர் 1854 முதல் கூடாரம் அடித்துக்கொண்டு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஊர் ஊராகப் போனார். 1858இல் சிவகாசியில் நித்திரையடைந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் விதைத்த ஊர்களில் முதலில் ஓலைக் கொட்டகை, பிறகு மண் சுவர், பிறகு சுண்ணாம்புக் கட்டிடம் என்று கோவில்கள் எழும்பின. நாற்பது பேர் உட்காரலாம். இரண்டு பக்கமும் வளைவு வைத்த ஜன்னல், மேலே ஓடு, வாசலுக்கு மேல் சுண்ணாம்பில் பதித்த ஒரு வருஷம், ஒரு மணி. அவ்வளவுதான். இவற்றைக் கட்டியவர் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை. கைப்பிடி அரிசி சேர்த்தும், கூலியில் மிச்சம் பிடித்தும், ஊர் ஜனங்களே மண் சுமந்தும் கட்டியவை.

இந்தக் கோவில்கள் இப்போது ஒவ்வொன்றாகப் போகின்றன. புதுக் கோவில் கட்டுவதை நான் குறைசொல்ல வரவில்லை. சபை பெருகியிருக்கிறது; இடம் போதவில்லை. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் சம்பாதித்து அனுப்புகிறார்கள். கான்கிரீட் கோவில் வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் இடிக்கிற அன்று காலையில் ஒரு படம்கூட எடுக்காமல் இடிக்கிறார்களே, அதுதான் வருத்தம்.

கரிசலும் சுவரும்

பல கோவில்களை இடிக்கச் சொல்லும் காரணம் விரிசல். இங்கே கரிசல் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் கைக்கோல் இறங்குகிற அளவு பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழையில் அந்த வெடிப்பு முழுவதும் மூடிக்கொள்ளும். மண் இப்படி மூச்சு விடும்போது அதன்மேல் நிற்கிற சுவரும் அசையத்தானே செய்யும்? பழைய கொத்தனார்கள் இதை அறிந்திருந்தார்கள். கரிசலைத் தோண்டிக் கீழே சுக்கான் கல் படிவம் வரும்வரை வானம் பறித்தார்கள். அந்தச் சுக்கானையே சுட்டு நீற்றிச் சுண்ணாம்பாக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுண்ணாம்புக் கட்டு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஈரத்தையும் வெளியே விடும். பின்னாளில் அதன்மேல் சிமெண்ட் பூசியபோது உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரை அரிக்கத் தொடங்கிற்று.

ஒரு கிராமத்தில் பலிபீடத்துக்குப் பின்சுவரில் விரிசல் விழுந்து, "கோவில் விழப்போகிறது, இடித்துவிடலாம்" என்று கமிட்டியில் பேச்சு வந்தது. அங்கே படமெடுக்கப் போன நான், விரிசலின் பக்கத்தில் ஓர் அடிஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்துத் தேதி எழுதினேன். அது சித்திரை மாதம். பிறகு கார்த்திகையில் அதே இடத்தில், அதே ஸ்கேலோடு இன்னொரு படம். அடுத்த சித்திரையில் மூன்றாவது படம். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும். கோடையில் விரல் நுழைகிற விரிசல் மழைக்குப்பின் நூல் அளவாகிறது. அடுத்த கோடையில் முன்பு இருந்த அளவுக்குத்தான் திரும்ப வருகிறது, அதற்குமேல் கூடவில்லை. சேகரத்துக்குத் தெரிந்த என்ஜினீயர் ஒருவர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நேரில் வந்து பரிசோதித்தார். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுவதைத் தடுக்கவும், சுவரை ஒட்டி வளர்ந்த மரத்தைக் கவனிக்கவும், சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசவும் சொன்னார். அந்தக் கோவில் இன்றும் நிற்கிறது. அங்கே போன ஸ்தோத்திரப் பண்டிகைக்கு நானும் போய் அசனம் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

எல்லாக் கோவிலையும் படம் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. சில சுவர்கள் உண்மையிலேயே ஆபத்தானவை. அவற்றின் கீழே பிள்ளைகளை உட்கார வைக்கக்கூடாது. எது ஆபத்து, எது மண்ணின் மூச்சு என்று பிரித்தறியத் தேதியிட்ட படம் உதவும் என்கிறேன்.

எடுக்கும் முறை

உங்களில் பலர் கையில் செல்போன் இருக்கிறது. பிலிம் ரோலில் 36 படத்தை எண்ணி எண்ணி எடுத்த காலம் போய்விட்டது. ஆகவே சில குறிப்புகள் சொல்கிறேன்.

நம் பழைய கோவில்களில் பெரும்பாலும் பலிபீடம் கிழக்கே, வாசல் மேற்கே. ஆகவே காலையில் போய் முகப்பை எடுத்தால் சூரியன் கோவிலுக்குப் பின்னால் நிற்கும், முகப்பு இருண்டுவிடும். மாலை நாலு மணிக்குமேல் போங்கள். சாய்ந்த வெயில் முகப்பின்மேல் விழுந்து, சுண்ணாம்பு வேலையின் மேடு பள்ளம் எல்லாம் துலங்கும். மார்கழி, தை மாதங்கள் நல்லவை. மழை கழுவிய ஆகாயம், கரிய மண்ணில் பச்சைப் பயிர், நடுவே வெள்ளைக் கோவில். அதைவிட அழகான காட்சியை நான் வேறெங்கும் தேடிப் போனதில்லை.

வெள்ளைச் சுவர் காமிராவை ஏமாற்றும். வெளிச்சம் மிகுதி என்று எண்ணி அது படத்தை இருட்டாக்கிவிடும். சுவர் சாம்பல் நிறமாகவும், முன்னால் நிற்கிற சபையார் முகமெல்லாம் கருப்பாகவும் வரும். போனில் ஒரு முகத்தைத் தொட்டு அதற்கேற்ற வெளிச்சத்தை வையுங்கள். முகம் தெரிந்தால் போதும்; சுவர் கொஞ்சம் வெளுத்தாலும் நஷ்டமில்லை.

கோபுரத்தை எடுக்கக் கிட்டே போய்க் காமிராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்பக்கம் சாய்ந்தாற்போல வரும். தள்ளிப் போய் நேராகப் பிடியுங்கள், அல்லது எதிர்வீட்டு மாடியில் ஏறிக்கொள்ளுங்கள். உள்ளே எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம். காமிராவை ஸ்டாண்டிலோ பெஞ்சின் மேலோ அசையாமல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுங்கள். பிரெடெரிக் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1903இல் வெல்ஸ் பேராலயத்தின் தேய்ந்த கல் படிக்கட்டை எடுத்த படம் உலகப் பிரசித்தி பெற்றது. அதில் இருப்பது படியும் வெளிச்சமும் மட்டுமே. காலங்காலமாக ஜனங்கள் ஏறி இறங்கித் தேய்ந்த படி அது. நம் கோவில் வாசற்படியும் தேய்ந்துதான் இருக்கிறது.

முகப்பு ஒன்று, நான்கு பக்கமும் நான்கு, உள்ளே இரண்டு, இவற்றை எடுத்தபின் சின்ன விஷயங்களுக்கு வாருங்கள். அஸ்திபாரக் கல், மணியில் வார்த்த எழுத்து, கல்லறைக் கற்கள், ஜன்னல் கொக்கி, பழைய விளக்கு, காணிக்கைப் பெட்டி, ஞானஸ்நானத் தொட்டி. பெஞ்சின் முதுகில் எழுதிய பெயர்களையும் எடுங்கள். நம் கோவில்களில் மின்விசிறியின் இறக்கையில்கூட உபயம் இன்னார் என்று எழுதியிருப்பார்கள். விசிறி சுற்றும்போது பெயரும் சுற்றும். பிரசங்கம் நீண்டால் அதைப் படிக்க முயற்சி செய்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். சிரிக்கிறீர்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். விசிறி கொடுத்தவர் பெயர் இருக்கிறது. கோவிலைக் கட்டிய கொத்தனார் பெயர் எங்கேயும் இல்லை. தலையில் சுண்ணாம்புச் சட்டி சுமந்த தாய்மார் பெயர் இல்லை. இதிலிருந்து நான் முக்கியமாகச் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன்.

பெயர்

மிஷன் சங்கங்களின் பழைய படங்கள் இன்று பல நாடுகளில் பத்திரமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. பாசல் மிஷன் படங்கள், லைப்சிக் மிஷன் படங்கள் என்று ஆயிரக்கணக்கில் உண்டு. பலவற்றை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். பார்க்கும்போது மனசுக்கு ஒரு குறை தோன்றும். மிஷனெரியின் பெயர் இருக்கும், ஊர்ப்பெயர் இருக்கும். பக்கத்தில் நிற்கிற உபதேசியாரின் பெயர் பல படங்களில் இராது. "ஒரு கிராமத்துப் பெண்", "மாணவிகள்", "கூலியாட்கள்" என்று முடித்திருப்பார்கள். அந்தப் பெண்ணின் பேரப்பிள்ளை இன்று அந்தப் படத்தைப் பார்த்தாலும், இது என் பாட்டி என்று அறிந்துகொள்ள வழியில்லை.

இதற்கு மாறான நல்ல உதாரணமும் உண்டு. டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1909இல் ‘லோட்டஸ் பட்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதிலுள்ள குழந்தைகளின் படங்களை எடுத்தவர் ஊட்டியில் ஸ்டூடியோ நடத்திய பென். அந்தக் குழந்தைகள் வெறும் இந்தியக் குழந்தைகள் என்று நின்றுவிடவில்லை. ஒவ்வொருத்திக்கும் செல்லப்பெயர் உண்டு, குணம் உண்டு, குறும்பு உண்டு. படத்தைப் பார்த்தவர்களுக்கு இரக்கம் வந்ததோ இல்லையோ, அந்தப் பிள்ளைகளோடு பழக்கம் வந்திருக்கும்.

அன்பு நண்பர்களே, நீங்கள் ஆஸ்பத்திரிக்கு உதவி செய்கிறவர்கள். செய்திமடல்களில் ஏழைகளின் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள். அழுக்குத் துணி, ஒட்டிய வயிறு, கண்ணீர், இவற்றைக் காட்டினால் காணிக்கை கூடும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். யாரை எடுத்தாலும் முதலில் கேட்பேன். வேண்டாம் என்றால் காமிராவை மூடிவிடுவேன். உட்கார்ந்திருப்பவரை நின்றுகொண்டு எடுக்கமாட்டேன். நானும் தரையில் உட்கார்ந்து அவர் கண்மட்டத்தில்தான் எடுப்பேன். அவர் வேலை செய்யும்போது எடுப்பேன். மிளகாய் வற்றல் காயப்போடுகிற பெண்ணின் கையில் இருக்கும் லாவகத்தைப் பார்த்தால் அவளை ஏழை என்று சொல்ல நமக்கே தோன்றாது.

பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தை நாம் சீக்கிரமாக வாசித்துத் தள்ளிவிடுகிறோம். வெறும் பெயர்ப் பட்டியல் என்று எண்ணுகிறோம். பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவர்கள் செய்த உதவியையும் பட்ட பிரயாசத்தையும் குறிப்பிடுகிறார். நிருபத்தைக் கையால் எழுதிக் கொடுத்த தெர்தியுவின் பெயரும் அதில் இருக்கிறது. ஆழமான உபதேசங்கள் எல்லாம் சொன்ன பிறகும், ஆட்களின் பெயர்களை எழுத அவர் இடம் ஒதுக்கினார்.

கடைசி ஆராதனை

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் பழைய கோவிலை இடிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்து போனேன். ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோரையும் கோவிலுக்கு முன் நிறுத்தி ஒரே படமாக எடுத்தேன். எடுத்தவுடன் ஒரு வாலிபனைக் கூட்டி வைத்துக்கொண்டு, முன்வரிசை இடமிருந்து வலம், இரண்டாம் வரிசை இடமிருந்து வலம் என்று அத்தனை பேரின் பெயரையும் நோட்டில் எழுதினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெயிலில் நின்ற சிலர் முணுமுணுத்தார்கள். பிறகு பெரிய அளவில் அச்சிட்டு, பெயர்களையும் கீழே எழுதி, சபைக்குக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஊருக்கு மறுபடி போனபோது ஒரு பாட்டி என்னைத் தேடி வந்தார்.

"வாத்தியாரய்யா, மூணாவது வரிசையில துண்டு போட்டுக்கிட்டு நிக்கிறது எங்க வீட்டுக்காரரு. அவரு போயி ஒரு வருசம் ஆகுது. ஆதார் அட்டையில இருக்கிற மூஞ்சி அவரு மாதிரியே இல்ல. அந்தக் கோவில் படத்துல இருக்கிற மூஞ்சிதான் அவரு. அத மட்டும் பெரிசு பண்ணித் தரமுடியுமாய்யா?"

"தாரேன் பாட்டி" என்றேன்.

"கோவிலும் கொஞ்சம் தெரியட்டும். அதுக்கு மண்ணு சுமந்தது அவரோட அப்பா" என்றார்.

அந்தப் பாட்டி சொன்ன பிறகுதான் அந்தக் கோவிலுக்கு மண் சுமந்த ஒருவரின் பெயர் எனக்குத் தெரிந்தது. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கோவில் இல்லை, அதைக் கட்டியவர் இல்லை, அவர் மகனும் இல்லை. ஆனால் அந்த வீட்டுச் சுவரில் இப்போது மூன்றும் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன.

ஒரு நண்பர் என்னிடம், "மருந்து வாங்கக் காசில்லாத ஜனங்கள் இருக்கும்போது பழைய சுவரைப் படமெடுத்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மருந்துக்குப் பதிலாகப் படம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். மருந்துக்குக் கொடுக்க வேண்டியதை முதலில் மருந்துக்கே கொடுங்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் முதலில் என்ன கேட்கிறார்கள்? பெயர் என்ன, ஊர் எது, வயது என்ன. அதன் பிறகுதான் நோய். வந்தவர் ஒரு வியாதி அல்ல, ஓர் ஆள் என்பதற்கு அந்த முதல் வரி சாட்சி. அதே மரியாதையைத்தான் படத்திலும் கேட்கிறேன்.

மூன்று காரியங்கள்

ஒன்று. வீட்டில் இருக்கும் பழைய படங்களை இந்த வாரமே எடுங்கள். வயதான ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் யார், எந்த ஊர், எந்த வருஷம், என்ன சந்தர்ப்பம் என்று கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பென்சில் பிடிக்காத வழுவழுப்பான தாள் என்றால் ஒரு கவரில் போட்டு, போடுவதற்கு முன்பே கவரின்மேல் எழுதுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிச் சேகரித்துப் பாதுகாத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு அலமாரியைத் தேடி அவர்கள் வரமுடியாது. அதற்கு நீங்கள்தான் காவல்.

இரண்டு. போனில் எடுத்த படம் போனோடு போய்விடும். முக்கியமானவற்றை அச்சிடுங்கள். ஒரு பிரதி படத்தில் இருப்பவருக்கு, ஒரு பிரதி சபை ரிஜிஸ்டர் வைக்கும் பீரோவுக்கு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறைந்துவிடும். டாக்குமெண்ட் என்று தெரிந்தெடுத்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச்சேரும். ஒருவரைப் படமெடுத்துவிட்டு அவருக்குக் காட்டாமல், கொடுக்காமல் போவது கடன் வைத்துவிட்டுப் போவது போன்றது.

மூன்று. உங்கள் ஊரிலோ, உங்கள் அம்மா பிறந்த ஊரிலோ, ஒரு பழைய கோவிலை இடிக்கத் தீர்மானம் ஆனால், கடப்பாரை வைக்கும் முன் ஒருநாள் கேளுங்கள். ஒருநாள் போதும். நான் சொன்ன முறையில் படங்களை எடுத்து, சபையாரை முன்னால் நிறுத்தி, பெயர்களை எழுதுங்கள். அந்தக் கோவிலைப் பற்றி மூத்தவர்கள் சொல்வதை ஒரு பக்கமாவது எழுதிச் சேருங்கள். புதுக் கோவில் பிரதிஷ்டையன்று அந்தப் படத்தை வாசலில் மாட்டுங்கள்.

இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டினார் யோசுவா. அவற்றில் சித்திர வேலை இல்லை, ஆற்றுக் கற்கள்தான். பின்வரும் பிள்ளைகள் இவை ஏன் என்று கேட்பார்கள், பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக வைத்தார். நம்முடைய படங்களுக்கும் அதற்குமேல் பெருமை வேண்டாம். பிள்ளை கேட்க வேண்டும். சொல்லப் பெரியவர் இல்லாவிட்டாலும் படத்தைத் திருப்பினால் பின்பக்கத்தில் பெயர் இருக்க வேண்டும்.

 கூட்டம் முடிந்தபின் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் எல்லோரும் ஒரு படம் எடுத்துக்கொள்வோம். தயவுசெய்து பெயர் எழுதி முடியும்வரை யாரும் கலைந்து போகாதீர்கள். கர்த்தர் தாமே உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.